வாந்தி, சோற்றைக் கண்டாலே ஓட்டம்... குட்டிப் பிள்ளைக்கு முதலில் தேவை ஒரு ஸ்பூன் பொறுமை!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், உத்திரமேரூருக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் திருப்புலிவனம். வியாக்ரபாத முனிவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல் வயல்கள். இந்த ஊரிலோ, இதைப் போன்ற வேறு எந்தக் கிராமத்திலோ, இரவு எட்டரை மணிக்கு ஒரு வீட்டில் நடக்கக்கூடிய காட்சி இது.

ஒன்றரை வயதுப் பையன். காலையிலிருந்தே சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சாயங்காலத்திலிருந்து வாந்தி. அப்பாவுக்கு ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட். வீட்டில் அம்மாவும் மாமியாரும் மட்டும்.

"அத்தை, மூணாவது தடவை எடுத்துட்டான். குடிச்ச பால் அப்படியே தயிர் மாதிரி வருது."

"நேத்து அவங்கப்பன் தூக்கிப் போட்டுப் புடிச்சி விளையாடினான்ல... குடலேத்தமா இருக்கும். காலையில வயித்தைத் தடவி விடச் சொல்லலாம். அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்காதம்மா. குடுத்தா எல்லாம் வெளியதான் வரும்."

பையன் தண்ணீர்ச் சொம்பைக் காட்டி அழுகிறான். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுக்கிறாள். மடமடவென்று குடிக்கிறான். இரண்டே நிமிடம்... மொத்தமும் வெளியே!

"பாத்தியா, நான்தான் சொன்னேனே..."

இந்த இருவரில் யார் சொன்னது சரி? 'தண்ணீர் வேண்டும்' என்று அம்மா நினைத்தது முழுக்கச் சரி. 'ஒரேயடியாகக் கொடுத்தால் வெளியே வந்துவிடும்' என்று பாட்டி சொன்னதும் சரி. இரண்டு பேரும் தவறவிட்டது ஒன்றைத்தான்: அளவு. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு டம்ளர் ஆகாது, ஸ்பூன்தான் ஆகும். அந்த ஒரு ஸ்பூன் எப்படி ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பயப்பட வேண்டியது எதற்கு?

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் வாந்திக்குப் பெரும்பாலும் காரணம், வயிற்றையும் குடலையும் தாக்கும் வைரஸ் தொற்று. முதலில் பசி குறையும். பிறகு வாந்தி. சில மணி நேரத்திலோ, மறுநாளோ தண்ணீராக வயிற்றுப்போக்கு. கூடவே லேசான காய்ச்சலும் இருக்கலாம். வாந்தி பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். வயிற்றுப்போக்கு நிற்க ஒரு வாரம் வரை ஆகலாம்.

பெற்றோர் பதறுவது, 'பிள்ளை ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லையே' என்று. ஆனால், ஆரோக்கியமாக இருந்த குழந்தை ஒரு நாள் சரியாகச் சாப்பிடாததால் பெரிய ஆபத்து வந்துவிடாது. ஆபத்து வருவது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தை வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் அரை லிட்டர் தண்ணீரை இழந்தால், அது அதன் எடையில் 5 சதவிகிதம். 60 கிலோ எடையுள்ள பெரியவர் அதே நிலைக்கு வர வேண்டுமானால் 3 லிட்டர் இழக்க வேண்டும். நமக்கு இரண்டு நாளில் வரக்கூடிய சோர்வு, குழந்தைக்கு ஒரே இரவில் வந்துவிடுகிறது. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது பெரியவர்களுக்குச் சரிப்படலாம், குட்டிப் பிள்ளைக்குச் சரிப்படாது.

ஐந்து மில்லி... இரண்டு நிமிடம்

வைரஸால் புண்பட்டிருக்கும் இரைப்பை, திடீரென்று நிறைந்தால் தாங்காது. உடனே வெளியே தள்ளும். அதே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், இரைப்பை விரிவதற்குள் குடலுக்கு இறங்கிவிடும். ஸ்பூன் வைத்தியத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

* குழந்தை வாந்தி எடுத்ததும் வாயைத் துடைத்துவிட்டு, 10 நிமிடங்கள் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள்.

* மடியில் நிமிர்ந்தவாக்கில் உட்காரவைத்து, ஒரு டீஸ்பூன் ஓ.ஆர்.எஸ் கரைசல் கொடுங்கள். இரண்டு, மூன்று நிமிடங்கள் கழித்து இன்னொரு டீஸ்பூன். அப்படியே தொடருங்கள்.

* நடுவில் மறுபடி வாந்தி எடுத்தால் மனம் தளர வேண்டாம். 10 நிமிடங்கள் விட்டு, இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள். எடுத்த வாந்தியோடு எல்லாமே வெளியே வந்துவிடாது. கொஞ்சமாவது உள்ளே தங்கியிருக்கும்.

* தாகத்தில் குழந்தை டம்ளரைப் பிடுங்கும், அழும். அப்போதும் ஸ்பூன்தான். ஸ்பூனைத் தட்டிவிடும் குழந்தைக்கு ஊசியில்லாத சிரிஞ்சு கைகொடுக்கும். கன்னத்தின் உட்புறமாகச் சொட்டுச் சொட்டாக விடலாம். தொண்டையை நோக்கிப் பீய்ச்சக் கூடாது.

* தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தவே கூடாது. ஒரேயடியாகக் கொடுக்காமல் சிறிது நேரம், அடிக்கடி கொடுக்கலாம்.

'ஒரு ஸ்பூனில் என்ன ஆகிவிடப்போகிறது?' என்று தோன்றலாம். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி. நான்கு மணி நேரத்தில் 600 மில்லி. டம்ளரில் கொடுத்து வெளியே வந்ததைவிட, ஸ்பூனில் உள்ளே போனது அதிகம்!

வயிற்றுப்போக்கும் இருந்தால், ஒவ்வொரு முறை போனதும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரையும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி வரையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதையும் ஸ்பூன் ஸ்பூனாகத்தான்.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

ஓ.ஆர்.எஸ் என்பது மந்திரப் பொடி கிடையாது. குளுக்கோஸ், சாதாரண உப்பு, பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட் உப்பு... இந்த நான்கும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் மொத்தம் 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம்.

சூட்சுமம் இந்த அளவில்தான் இருக்கிறது. நம் குடலின் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் 'கதவுகள்' உண்டு. இரண்டும் உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் இந்தக் கதவு வேலை செய்யும். வெறும் தண்ணீரில் உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. குளிர்பானத்தில் சர்க்கரை மிதமிஞ்சி இருக்கிறது. அது உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்து, வயிற்றுப்போக்கை அதிகமாக்கிவிடும்.

அதனால், கரைக்கும் விதம் முக்கியம். பல வீடுகளில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, மீதிப் பாக்கெட்டை மடித்துவைக்கிறார்கள். இது தவறு. பெரிய பாக்கெட் என்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தத்தையும் கொட்டிக் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடைகளில் கிடைக்கிறது. எவ்வளவு தண்ணீர் என்று உறையில் படித்துவிட்டு, அளவுக் குறியுள்ள பாட்டிலில் அளந்து ஊற்றுங்கள். கரைத்ததை மூடிவைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிச்சமிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். சூடுபடுத்தக் கூடாது, சர்க்கரையோ தேனோ சேர்க்கக் கூடாது.

ராத்திரி நேரம், பாக்கெட் இல்லை என்றால்? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கைக்குழந்தையின் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்பது பழைய அடையாளம். கரைத்ததும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். பாக்கெட் கிடைக்கும்வரை இது போதும்.

பாட்டிகள் வைக்கும் உப்புப் போட்ட நொய்க்கஞ்சித் தண்ணீரும் நல்லதே. அரிசியின் மாவுச்சத்து மெல்ல மெல்ல குளுக்கோஸாக உடைந்து, அதே கதவைத்தான் திறக்கிறது. அரிசி மாவால் செய்த ஓ.ஆர்.எஸ்ஸே காலராவுக்குப் பயன்பட்டிருக்கிறது. நம் வீட்டுக் கஞ்சி அதற்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரி!

இன்னொரு எச்சரிக்கை. கடைகளில் அட்டை டப்பாவில், பழப் படம் போட்டு, 'ஓ.ஆர்.எஸ்' என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை பானங்கள் விற்றுவந்தன. இதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தைகள்நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத எந்தப் பானமும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. குழந்தைக்கு வாங்கும்போது 'உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்தது' என்று உறையில் இருக்கிறதா எனப் பாருங்கள். அங்கன்வாடியிலும், கிராம சுகாதார செவிலியரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே கேட்டு வாங்கலாம்.

அகதி முகாமில் பிறந்த நம்பிக்கை

இவ்வளவு எளிய விஷயத்தை உலகம் நம்பிய கதை சுவாரஸ்யமானது. 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கான மக்கள் மேற்கு வங்கத்துக்கு அகதிகளாக வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவ்னில் காலரா வெடித்தது. மருத்துவமனையில் படுக்கை இல்லை. தரையெல்லாம் நோயாளிகள். நரம்பு வழியாக ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

அங்கே பணியில் இருந்தவர் கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். குழந்தைகள்நல மருத்துவர். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் சரியான அளவில் பொட்டலம் கட்டவைத்து, டிரம்களில் கரைத்து, நோயாளியின் அம்மா, அண்ணன், தம்பி கையிலேயே கொடுத்தார். 'கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்துக்கொண்டே இருங்கள்' என்பதுதான் வைத்தியம். முகாம்களில் 30 சதவிகிதம்வரை இருந்த காலரா மரணம், அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது.

வைத்தியம் பார்த்தவர்கள் படித்த டாக்டர்கள் மட்டுமல்லர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களும்தான். 1978-ல் லண்டனின் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழ், அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. 1980 முதல் 10 ஆண்டுகள் வங்கதேசத்தில் 'பிராக்' அமைப்பின் பெண் ஊழியர்கள் கிராமம் கிராமமாக நடந்து, ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளில் உப்பும் வெல்லமும் கரைக்கும் விதத்தைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறைவுக்குப் பிறகு, 2023-ல் இந்திய அரசு அவருக்கு பத்ம விபூஷண் அறிவித்தது.

செய்யக் கூடாதவை

பட்டினி போடுவது: 'வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும்' என்பது நாட்பட்ட நம்பிக்கை. வாந்தி உச்சத்தில் இருக்கும் சில மணி நேரம் சோறு வேண்டாம் என்பது சரி. தண்ணீரையும் நிறுத்துவதுதான் விபரீதம்.

குடலேற்றம் எடுப்பது: தூக்கிப் போட்டு விளையாடியதால் குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தடவி வயிற்றை அமுக்கித் தேய்ப்பார்கள். குடல் அப்படி ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. தேய்த்த இரண்டாம் நாள் சரியானால், அது வைரஸ் தானாக அடங்கிய நாள். சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்தான நிலை வருவதுண்டு. அப்போது வயிற்றை அமுக்குவதும், காலையில் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் உயிருக்கே வினையாகிவிடும்.

தொக்கம் எடுப்பது: சாப்பிட்டது உள்ளே சிக்கியிருக்கிறது என்று தொண்டையில் விரல் விடுவது, குழாய் வைத்து ஊதுவது அல்லது உறிஞ்சுவது. தொண்டையில் காயம், தொற்று, மூச்சுத்திணறல் எல்லாம் வரலாம். வேண்டவே வேண்டாம்.

பழைய சீட்டு மருந்து: போன தடவை மருத்துவர் எழுதிக்கொடுத்த வாந்தி மருந்தையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மருந்தையோ கொடுக்காதீர்கள். அளவு எடைக்கு எடை மாறும். பெரியவர்களுக்கான, வயிற்றுப்போக்கை 'நிறுத்தும்' மாத்திரைகள் குழந்தைகளுக்கு ஆபத்தானவை. வைரஸால் வரும் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. துத்தநாக மாத்திரை மட்டும் விதிவிலக்கு. வயிற்றுப்போக்கு உள்ள 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள்கள் கொடுக்கச் சொல்வார்கள். வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும்.

திருஷ்டி? உப்பு, மிளகாய் சுற்றிப் போடுவதால் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. சுற்றிப் போட்டுவிட்டு, ஸ்பூனைக் கையில் எடுக்காமல் விடியும்வரை காத்திருப்பதில்தான் ஆபத்து.

இவை இருந்தால், ஸ்பூனோடு கிளம்புங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நேரம் பார்க்க வேண்டாம். வண்டி இல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வழியிலும் குடிக்க முடிந்தால் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போகலாம்.

* ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. அழுதால் கண்ணீர் வரவில்லை. வாய், நாக்கு வறண்டிருக்கின்றன. கண்கள் உள்வாங்கியிருக்கின்றன.

* குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, குடிக்கவே முடியவில்லை.

* ஸ்பூனில் கொடுத்தும் எதுவுமே தங்கவில்லை. அல்லது, 24 மணி நேரம் கடந்தும் வாந்தி நிற்கவில்லை.

* வாந்தி பச்சை நிறமாகவோ, ரத்தம் கலந்தோ, காபித்தூள் நிறத்திலோ இருக்கிறது.

* மலத்தில் ரத்தம் அல்லது சிவப்பு ஜெல்லி போன்ற சளி. விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கிக்கொள்கிறது. வயிறு கல்போல உப்பியிருக்கிறது.

* தலையில் அடிபட்ட பிறகு வாந்தி. வலிப்பு. கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு.

* காய்ச்சல் குறையும் நேரத்தில் வாந்தி அதிகமாகிறது. இது டெங்குவின் எச்சரிக்கையாக இருக்கலாம்.

* அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு, கூடவே வாந்தி. அரிதாகக் குழந்தைகளுக்கு வரும் சர்க்கரைநோயின் அறிகுறி இது.

* மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, பட்டன் பேட்டரி, பெரியவர்களின் மாத்திரை... எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம். விவசாய வீடுகளில் இதை மறக்கவே கூடாது. இந்த நேரத்தில் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், ஸ்பூனில் எதுவும் புகட்டவும் வேண்டாம். டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால், எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. வாந்தியோடு காய்ச்சல் மட்டும் இருந்து வயிற்றுப்போக்கே இல்லையென்றாலும் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, காதில் சீழ், சளி என வேறு காரணம் ஒளிந்திருக்கலாம்.

வாந்தி நின்றதும்...

மூன்று, நான்கு மணி நேரம் வாந்தி இல்லாமல் தண்ணீர் தங்கினால் சாப்பாட்டை ஆரம்பிக்கலாம். தனியாக 'பத்தியம்' எதுவும் தேவையில்லை. குழைந்த சாதத்தில் பருப்பு, இட்லி, தயிர் சாதம், மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் என்று வழக்கமான மென்மையான உணவே போதும். இரண்டு வாய் வாங்கினால் இரண்டு வாய். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரண்டு வாய்.

பசி உடனே திரும்பாது. நோய் போய் ஒரு வாரம் வரைகூட மந்தமாக இருக்கலாம். பிறகு ஒருநாள், எதிர்பாராத நேரத்தில் குழந்தையே தட்டை இழுக்கும். அப்போது இழந்த எடையைப் பிடிக்க, இரண்டு வாரங்களுக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்தால், அளவு கூடாமலே சக்தி கூடும்.

'எப்பவுமே சாப்பிட மாட்டேங்கிறான்!'

வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும், ஒரு கிண்ணம் சோறு ஊட்ட ஒரு மணி நேரம். நிலாவைக் காட்டியது அந்தக் காலம், செல்போனைக் காட்டுவது இந்தக் காலம். இந்த வீடுகளுக்கு முதலில் ஓர் ஆறுதல்.

3 கிலோவில் பிறக்கும் குழந்தை, முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ. மூன்று மடங்கு! இரண்டாம் வருடத்தில் கூடுவதோ 2 முதல் 2.5 கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. பத்து மாதத்தில் ஆசையாகச் சாப்பிட்ட பிள்ளை, ஒன்றரை வயதில் ஓடுவது இதனால்தான். பல வீடுகளில் நோய் என்று நினைப்பது இந்த இயல்பான மாற்றத்தைத்தான்.

இது தெரியாமல் மூக்கைப் பிடித்து, காலில் கிடத்தி ஊட்டும்போது புதிதாக ஒரு சிக்கல் ஆரம்பிக்கிறது. தொண்டை நிறைய சோறு, அழுகை, இருமல்... வாந்தி! சில வாரங்களில் கிண்ணத்தைப் பார்த்தாலே குமட்டப் பழகிவிடும். அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் இதற்கு எளிய பங்கீடு ஒன்றைச் சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்களின் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்:

* ஒன்று முதல் இரண்டு வயதில், நாளுக்கு மூன்று, நான்கு வேளை சாப்பாடு. ஒரு வேளைக்கு முக்கால் கப் முதல் ஒரு கப் வரை போதும். நடுவில் ஒன்றிரண்டு முறை பழம், சுண்டல் மசியல், சத்துமாவு உருண்டை போன்றவை.

* 20 முதல் 30 நிமிடங்களில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் திட்டாமல் எடுத்துவிடுங்கள்.

* பால் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். 'சோறுதான் சாப்பிடல, பாலாவது குடிக்கட்டும்' என்று நாலு முறை பாட்டில் கொடுத்தால், வயிறு நிறைந்து சோறு இறங்காது. இரும்புச்சத்தும் குறையும்.

* பிஸ்கட், பாக்கெட் நொறுக்கு, ஜூஸ் எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம்.

* வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது தனித் தட்டு வைத்து, இறைத்தாலும் பரவாயில்லை என்று கையால் எடுத்துச் சாப்பிட விடுங்கள்.

ஆனால், நாட்கணக்கில் பசியின்மை நீண்டு, குழந்தை வெளிறி, மண், சுவர்க் காரை தின்ன ஆரம்பித்தால் ரத்தசோகை இருக்கலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒரு வயது முதல், ஆண்டுக்கு இரண்டு முறை அரசு கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் 'பசி டானிக்' வேண்டாம். சிலவற்றில் இருப்பது தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து.

குழந்தை போதுமான அளவு சாப்பிடுகிறதா என்பதைக் கிண்ணம் சொல்லாது, தராசு சொல்லும். மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு மேலே ஏறினால் நிம்மதி. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அங்கன்வாடி நாடா அதைச் சிவப்பில் காட்டிவிடும்.

வராமல் தடுக்க

குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ரோட்டா வைரஸ். இதற்கான இந்தியத் தடுப்பு மருந்தின் ஆய்வு நடந்த மூன்று இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 2016-ல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த இது, 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 6, 10, 14-வது வாரங்களில் வாய்வழிச் சொட்டாக இலவசமாகக் கொடுக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தாய்-சேய் நல அட்டையைப் புரட்டி, மூன்றும் பதிவாகியிருக்கின்றனவா எனப் பார்த்துவிடுங்கள்.

மற்றபடி, ஊட்டும் முன்பும் கால் கழுவிவிட்ட பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவுவது, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பது, பால் பாட்டிலைத் தவிர்த்துப் பாலாடையோ டம்ளரோ பயன்படுத்துவது, காலையில் செய்ததை மாலையில் ஊட்டாமல் இருப்பது. நான்கும் பழைய பாடம்தான். ஆனால், மழைக்காலத்தில் ஒன்று தவறினாலும் வைரஸுக்கு அது போதும்.

அந்த வீட்டில்...

மணி ஒன்பதேகால். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், போன மாதம் அங்கன்வாடியில் கொடுத்த ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒன்று இருப்பது அம்மாவுக்கு ஞாபகம் வருகிறது. அளந்து கரைக்கிறாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். நடுவில் ஒரு தடவை வாந்தி. பத்து நிமிடம் விட்டு, மறுபடி முதலிலிருந்து.

பத்தரை மணிக்கு அவள் கண் சொருகுகிறது. பாட்டி பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

"குடு அந்த ஸ்பூனை. நீ கொஞ்ச நேரம் படு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு, அவ்ளோதானே?"

"ஆமாங்க அத்தை. அழுதாலும் ஒரு ஸ்பூன்தான். டம்ளரைக் காட்டாதீங்க."

பன்னிரண்டு மணிக்கு மேல் பையன் பாட்டியின் மடியிலேயே ஒண்ணுக்குப் போகிறான். புடவை நனைந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் முணுமுணுத்திருப்பார். இன்று மருமகளைத் தட்டி எழுப்பி, ஈரப் புடவையைக் காட்டிச் சிரிக்கிறார். சிறுநீர் வந்துவிட்டதென்றால் தண்ணீர் உள்ளே தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் வீட்டிலும் இன்றே ஒரு வேலை செய்துவிடுங்கள். இரண்டு ஓ.ஆர்.எஸ் பாக்கெட், ஒரு டீஸ்பூன், ஒரு லிட்டர் அளவு பாட்டில். மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வாந்தி சொல்லிக்கொண்டு வராது. பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும்!